பிளஸ் டூ முடிச்சதும் அவங்க யார்கிட்ட பேசுவாங்க?

மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேக்காது, அவன் ஸ்கூல் முடிச்சு காலேஜ் முடிச்சு இப்போ வேலைக்குப் போறான்னு சொந்தக்காரங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்க, அவங்க பக்கத்து வீட்டுக்காரங்க வரைக்கும் சேதி போயிருக்கு, அதனால "எங்க பையனுக்கும் காது கேக்காதும்மா, பாஸ் பண்ணிட்டான், அடுத்து என்ன சேக்கலாம், கவர்மென்ட் வேலை கிடைக்குமா, உங்க தம்பி என்ன பண்ணாரு"ன்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே தடவை எழுதி வெச்சுட்டா லிங்க் அனுப்பிடலாமேன்னுதான் இந்த போஸ்ட். கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

படிப்பு, வேலை ரெண்டும் சொல்றேன். ஆனா கேக்குறவங்ககிட்ட நான் முதல்ல திருப்பிக் கேக்குறது ஒண்ணு இருக்கு. அவன் போற இடத்துல அவன்கூட பேச யார் இருப்பாங்க? இந்தக் கேள்வியே நிறைய பேருக்குப் புரியாது. "அவனுக்குத்தான் பேச வராதேம்மா"ம்பாங்க.

அவங்களுக்குப் பேச வராதுன்னு நினைக்குறவங்க ஒரு சாயங்காலம் ஏதாவது ஒரு காது கேக்காதவங்க ஸ்கூல் ஹாஸ்டலுக்குப் போய்ப் பாக்கணும். எங்க பக்கம் பாளையங்கோட்டையில ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன்ங்குற மிஷனரி அம்மா 19ஆம் நூற்றாண்டு கடைசியில ஆரம்பிச்ச ஸ்கூல் இன்னைக்கும் அவங்க பேர்லயே நடக்குது. சென்னையில சாந்தோம் பக்கம் இருக்கு, அடையார்ல இருக்கு, இன்னும் பல ஊர்ல இருக்கு. தம்பியும் இந்த மாதிரி ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்லதான் படிச்சான். கிளாஸ்ல டீச்சர் உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கச் சொல்லி நடத்துவாங்க, ஆனா மொழியை அவன் கத்துக்கிட்டது ராத்திரி ஹாஸ்டல்ல, பெரிய கிளாஸ் அண்ணன்மார்கிட்ட. சைகை மொழிக்கு வெளிச்சம் வேணும், ஹாஸ்டல்ல லைட்டை அணைச்சா பேச்சு நின்னு போயிடும், அதனால பசங்க எல்லாரும் காம்பவுண்டுக்குள்ள ரோட்டு லைட் வெளிச்சம் விழுற மூலையில போய் நின்னுக்கிட்டு சண்டை போடுவாங்க, கிரிக்கெட் பேசுவாங்க, வார்டனை நடிச்சுக் காட்டுவாங்க, பேய்க்கதை சொல்லுவாங்க. கதை சொல்றதுல என் தம்பி பெரிய ஆளு. ஒரே ஆளா பஸ் டிரைவராவும் ஆவான், கண்டக்டராவும் ஆவான், சில்லறை கேக்குற பாட்டியாவும் ஆவான், முகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்.

பிளஸ் டூ கடைசி பரீட்சை எழுதி முடிச்ச அன்னைக்கு இது எல்லாம் மொத்தமா முடிஞ்சிடும். ஒருத்தன் கோவில்பட்டிக்குப் போவான், ஒருத்தி வள்ளியூருக்குப் போவா, இன்னொருத்தன் தென்காசி தாண்டி ஏதோ ஒரு கிராமம், அங்க போனா அந்த ஊர்லயே காது கேக்காத ஆள் அவன் ஒருத்தன்தான். நமக்கெல்லாம் ஸ்கூல் முடிஞ்சா ஃப்ரெண்ட்ஸ் பிரிஞ்சிடுவாங்க, வருத்தமா இருக்கும், ஆனா டீக்கடைக்குப் போனா பேசலாம், பஸ்ல பக்கத்துல உக்காந்தவர்கிட்ட பேசலாம். அவங்களுக்கு மொழி பேசுற ஊரே காணாமப் போயிடுது.

வீட்டுல என்ன நடக்கும்னா, சாப்பாடு, தண்ணி, குளி, தூங்கு, மாத்திரை, கடைக்குப் போ, காசு, இதுக்கெல்லாம் எல்லா அம்மாவும் ஒரு சைகை வெச்சிருப்பாங்க. எங்க அம்மாவும் வெச்சிருந்தாங்க. ஆனா பெரியப்பா ஏன் இப்போ வீட்டுக்கு வர்றதில்லை, பாகப்பிரிவினையில என்ன தகராறு, அத்தை ஏன் அழுதுட்டுப் போனாங்க, இதை அந்தப் பத்து சைகையில எப்படிச் சொல்றது. எல்லாரும் உக்காந்து சாப்பிடும்போது யாரோ ஒண்ணு சொல்லி எல்லாரும் சிரிப்போம், தம்பி என் கையைத் தட்டி "என்ன?"ன்னு கேப்பான், பக்கத்துல இருக்குறவங்க "ஒண்ணுமில்ல, சும்மா"ன்னு கையை ஆட்டிடுவாங்க, இல்லைன்னா "அப்புறம் சொல்றேன்". அந்த அப்புறம் வரவே வராது. காது கேக்காத யாரை வேணா கேட்டுப் பாருங்க, அவங்களுக்கு ரொம்ப வலிக்குற விஷயம் எதுன்னு, பாதிப் பேர் இந்த "ஒண்ணுமில்ல"யைத்தான் சொல்லுவாங்க. காது கேக்காத குழந்தைகள்ல பத்துல ஒன்பதுக்கு மேல பிறக்குறது காது கேக்குற அப்பா அம்மாவுக்குத்தான், அதனால இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை.

ஸ்கூல் முடிஞ்சு ஊருக்கு வந்த அந்த லீவுல தம்பி ராத்திரி முழுக்க மொட்டை மாடியில வீடியோ கால்ல இருப்பான், தண்ணி டேங்க் மேல போனைச் சாய்ச்சு வெச்சுட்டு, டார்ச்சைத் தன் முகத்துக்கு அடிச்சுக்கிட்டு. அம்மா "நெட்டு எல்லாம் தீருது, பைத்தியம் மாதிரி கைய ஆட்டிக்கிட்டு நிக்குறான்"னு புலம்புவாங்க. அவன் பகல் முழுக்க யார்கிட்டயும் ஒரு முழு வாக்கியம் பேசாத பிள்ளை, ராத்திரிதான் பேசுறான். இப்படிப் பேச வீடியோ காலாவது இருக்கேன்னு நினைச்சுக்கணும். ஸ்மார்ட்போன் வர்றதுக்கு முன்னாடி ஸ்கூல் முடிச்ச தலைமுறை என்ன பண்ணியிருக்கும்னு நினைச்சாலே மனசு கனத்துப் போகுது.

அதனாலதான் காலேஜ் விஷயத்துல நான் பிடிவாதமா ஒண்ணு சொல்றேன். பக்கத்துல இருக்கு, வீட்டுல இருந்தே போய்ட்டு வரலாம்னு சொல்லி ஒரு சாதாரண ஆர்ட்ஸ் காலேஜ்ல அவனை மட்டும் தனியா சேக்குறதா இருந்தா நூறு தடவை யோசிங்க. சென்னை மாநிலக் கல்லூரியில காது கேக்காத மாணவர்களுக்குன்னே பி.காம்., பி.சி.ஏ. இருக்கு. அடையார்ல செயின்ட் லூயிஸ் காலேஜ் இருக்கு, அது காது கேக்காதவங்களுக்காகவே நடக்குற காலேஜ். தம்பியும் அவன் செட்டுல சில பேரும் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குத்தான் போனாங்க. அம்மா அழுத அழுகை கொஞ்சமில்லை, "ரோட்டுல வண்டி ஹாரன் கூட கேக்காதே, மெட்ராஸ்ல எப்படிடா இருப்பான்"னு. அவன் நல்லாத்தான் இருந்தான். காது கேக்குற பசங்களோட இருக்கும்போது இருந்த அந்த ஒதுங்கி நிக்குற பழக்கம் போச்சு, யூனியன், ஃபுட்பால், சண்டை, காதல், எல்லாத்துலயும் இருந்தான். சாயங்காலம் பீச்சுல அவங்க கூட்டமா நிப்பாங்க, நாம கத்தினாலும் காத்துல கேக்காத தூரத்துல ஒருத்தன் அலைக்குப் பக்கத்துலயும் ஒருத்தன் ரோட்டோரத்துலயும் நின்னு சாதாரணமா பேசிக்கிட்டிருப்பாங்க.

ஒரு தடவை அவனை எழும்பூர்ல வழியனுப்பப் போனப்போ அவன் ஏசி கோச். கண்ணாடி ஜன்னல் திறக்காது. பிளாட்பாரத்துல நின்ன ஆளுங்க எல்லாம் கண்ணாடியைத் தட்டி "போன் பண்ணு, போன் பண்ணு"ன்னு கத்துறாங்க, உள்ள இருக்குறவங்க "ஆங்? ஆங்?"ங்குறாங்க. தம்பியும் அவனோட ஃப்ரெண்டும் மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னுக்கிட்டு ரயில் கிளம்புற வரைக்கும் நிதானமா பேசிக்கிட்டிருந்தாங்க, ரயில் நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் பேசினாங்க. பக்கத்துல நின்ன ஒரு அம்மா அவங்களையே பாத்துட்டு என்கிட்ட "நமக்கும் இது தெரிஞ்சா நல்லா இருக்கும்ல"ன்னாங்க. எனக்கு அவங்களைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

இப்போ படிப்புல இருக்குற கஷ்டத்தைச் சொல்லணும், மறைக்கக் கூடாது. பத்தாவது, பிளஸ் டூ பப்ளிக் எக்ஸாம்ல காது கேக்காத பிள்ளைகளுக்கு ஒரு மொழிப்பாடத்துல இருந்து விலக்கு உண்டு, எழுத கூடுதலா ஒரு மணி நேரம் உண்டு. இந்தச் சலுகை இல்லைன்னா பாதிப் பேர் பத்தாவதையே தாண்டியிருக்க மாட்டாங்க, அதனால அதை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனா இங்கிலீஷுக்கு விலக்கு வாங்கின பிள்ளை பி.காம். போய் உக்காந்ததும் புத்தகம் பூரா இங்கிலீஷ். தமிழ்லயும் நிலைமை அப்படித்தான். நம்ம தமிழ் நாம கேட்டுக் கேட்டு வந்தது, வேற்றுமை உருபை யாரும் நமக்குச் சொல்லித் தரலை, காதுல விழுந்து விழுந்து ஒட்டிக்கிச்சு. காதே கேக்காதவனுக்கு 'அவனை', 'அவனுக்கு', 'அவனோட' மூணும் மனப்பாடம் பண்ண வேண்டிய விஷயம். சைகை மொழியோட இலக்கணமே வேற, நேரம் முதல்ல வரும், கேள்விச் சொல் கடைசியில வரும், முடிஞ்ச வேலைக்கு 'முடிஞ்சு'ங்குற ஒரு சைகையைப் போட்டா போதும். அதனால தம்பி வாட்ஸ்அப்ல "நேத்து காலேஜ் நான் போ முடிஞ்சு, நீ சாப்பாடு என்ன"ன்னு அனுப்புவான். அதைப் பாத்துட்டு இவனுக்கு மூளை வளர்ச்சி இல்லையோன்னு நினைக்குற படிச்சவங்களை நான் பாத்திருக்கேன். அவன் ஒரு மொழியில யோசிச்சு இன்னொரு மொழியில எழுதுறான்ங்குறது அவங்களுக்குத் தெரியலை.

அதனால பிளஸ் டூ முடிச்சதும் காலேஜ் திறக்குற வரைக்கும் இருக்குற மாசங்களைச் சும்மா விடாதீங்க. கம்ப்யூட்டர் கிளாஸுக்கு எல்லாரும் அனுப்புறாங்க, நல்லதுதான், ஆனா தினமும் ஒரு பத்தி படிச்சு அதை அவன் சைகையில சொல்லணும், சைகையில சொன்னதைத் திருப்பி எழுதணும், கூட ஒரு ஆள் உக்காரணும். நானும் தம்பியும் தினத்தந்தியில வர்ற விபத்துச் செய்தி, சினிமா செய்தியை வெச்சுத்தான் பண்ணினோம். யார் யாரை இடிச்சாங்கன்னு கண்டுபிடிக்கணும்னா 'ஐ' உருபு எங்க இருக்குன்னு பாத்தே ஆகணும், அப்படித்தான் அவனுக்கு அது பிடிபட்டுச்சு.

முழுசா கேக்காதவங்களைப் பத்தி இவ்வளவு சொல்லிட்டேன், கொஞ்சம் கேக்குறவங்க கதை தனி. எங்க சித்தி பொண்ணு அப்படி. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ரெண்டு காதுலயும் 70 டெசிபல் இழப்பு இருந்தா காது கேக்காதவர், 60ல இருந்து 70 வரைக்கும்னா கேட்கும் திறன் குறைஞ்சவர்னு இருக்கு. சட்டத்துல இது ஒரு கோடு, வாழ்க்கையில இது ரெண்டு உலகத்துக்கு நடுவுல நிக்குறது. அவ சாதாரண ஸ்கூல்லயே படிச்சா, முதல் பெஞ்ச், நல்லா பேசுவா, சைகை மொழி ஒரு வார்த்தை தெரியாது. ஸ்கூல்ல எல்லா டீச்சருக்கும் அவளைத் தெரியும், அதனால சமாளிச்சுட்டா. இன்ஜினியரிங் காலேஜ்ல அறுபது பேர் கிளாஸ், சார் போர்டைப் பாத்துக்கிட்டே பேசுவார், முதுகுல எந்த உதட்டைப் பாக்குறது? ஃபேன் சத்தம் வேற, காது மிஷின் போட்டா ஃபேன் சத்தமும் சேந்துதான் பெருசாகும். அதோட உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குறது நாம நினைக்குற மாதிரி இல்லை. கண்ணாடி முன்னாடி நின்னு சத்தம் வராம 'பாட்டு'ன்னு சொல்லிப் பாருங்க, அப்புறம் 'மாட்டு'ன்னு சொல்லுங்க. ரெண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். மிச்சத்தை அவ யூகிக்கணும், நாள் முழுக்க யூகிச்சு யூகிச்சு சாயங்காலம் வந்து தலைவலின்னு படுத்துடுவா. முடியை இறக்கி விட்டு மிஷினை மறைச்சுக்கிட்டு, புரியலைன்னாலும் தலையை ஆட்டிட்டு, வைவாவுல, அதான் வாய்மொழித் தேர்வுல, கேள்வியைத் தப்பாக் காதுல வாங்கி தப்பா பதில் சொல்லி மார்க் போச்சு.

அவ நிலைமை மாறினது ரெண்டாவது வருஷம். தம்பி சொன்னான்னு ஹெச்ஓடிக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா, எனக்கு இவ்வளவு டெசிபல் இழப்பு, என் பக்கம் திரும்பிப் பேசுங்க, வைவா கேள்வியை எழுதிக் காட்டுங்க, நோட்ஸை முன்னாடியே குடுங்கன்னு. ஆடியோகிராம், அதான் காது டெஸ்ட் ரிப்போர்ட், அதோட ஜெராக்ஸையும் பின் பண்ணி. பெஞ்சுல போனை வெச்சு பேசுறதை எழுத்தாக் காட்டுற கூகுளோட லைவ் டிரான்ஸ்கிரைப் ஆப்பை ஆன் பண்ணிக்குவா, அது 2019ல வந்தது, தமிழும் எடுக்கும், இங்கிலீஷும் எடுக்கும், ரெண்டும் கலந்து பேசுற நம்ம ஊர் வாத்தியார் பேச்சுலதான் திணறும். ஆனாலும் ஒண்ணுமே இல்லாததுக்கு அது எவ்வளவோ தேவலை. இப்போ அவ முடியைத் தூக்கிக் கட்டிக்குறா.

காக்ளியர் இம்ப்ளான்ட், அதான் சத்தம் கேக்குறதுக்காக ஆபரேஷன் பண்ணி உள்காதுல வெக்குற கருவி, அதை வெச்ச பிள்ளைங்க அப்பா அம்மாவுக்கும் ஒண்ணு சொல்லணும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஆறு வயசுக்குள்ள இருக்குற குழந்தைகளுக்கு அந்த ஆபரேஷன் பண்றாங்க, ரொம்பப் பெரிய விஷயம் அது, ஏழை வீட்டுப் பிள்ளைங்க நிறைய பேர் அதால பேசுறாங்க. அந்தத் திட்டத்துல ஆரம்பத்துல ஆபரேஷன் பண்ணின பிள்ளைங்க இப்போ காலேஜ் வயசுக்கு வந்துட்டாங்க. உள்ள வெச்சது அப்படியே இருக்கும், ஆனா காதுக்கு வெளிய மாட்டுற ப்ராசஸர் தேயும், ஒயர் அறுந்து போகும், கம்பெனி பழைய மாடலை நிறுத்திடும், புதுசு வாங்க லட்சக்கணக்குல ஆகும். காலேஜ் ஃபீஸ் கட்டுற அதே வருஷத்துல இந்தச் செலவும் வந்து நிக்குது. முன்கூட்டியே ஒரு ஆர்டி போட்டு வைங்க, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல என்ன உதவி இருக்குன்னு கேட்டு வைங்க. கண்டிப்பா அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் சைகையும் கத்துக் குடுங்க. மிஷின் ரிப்பேருக்குப் போன நாள்ல அது கேக்காத பிள்ளைதான். சைகை கத்துக்கிட்டா பேச்சு போயிடும்னு இன்னும் சில பேர் பயமுறுத்துறாங்க, தமிழ் தெரிஞ்சா இங்கிலீஷ் வராதுங்குற மாதிரிதான் அந்தப் பேச்சு.

வேலைக்கு வர்றேன். சட்டப்படி அரசு வேலையில மாற்றுத்திறனாளிகளுக்கு 4% ஒதுக்கீடு, அதுல 1% காது கேக்காதவங்களுக்கும் குறைவா கேக்குறவங்களுக்கும். அரசு, அரசு உதவி பெறும் காலேஜ்கள்ல அட்மிஷனுக்கு 5%. ரெண்டுக்கும் 40% ஊனச் சான்று வேணும், யூடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, அதுவும் வேணும். சின்ன வயசுல எடுத்த சர்டிஃபிகேட்ல செல்லுபடியாகுற தேதி போட்டிருந்தா இப்பவே எடுத்துப் பாருங்க, கவுன்சலிங் நேரத்துல போய் ஈஎன்டி டாக்டர் கையெழுத்துக்கு அலைஞ்ச குடும்பங்கள் எனக்கே தெரியும். அரசு வேலைக்கு எந்தெந்தப் பணியிடம் யாருக்கு ஏத்ததுன்னு ஒரு பட்டியல் வெச்சிருப்பாங்க, நோட்டிஃபிகேஷன்ல அதைப் பாத்துட்டு அப்ளை பண்ணணும். குரூப் 4 படிக்குறதுக்கு அவங்க தனித்தனியா உக்காராம ஒரு செட்டா சேந்து படிக்குறதுதான் பலன் தருது, ஒருத்தன் புரிஞ்சதை இன்னொருத்தனுக்கு சைகையில சொல்லிடுவான். நாங்க பாத்த கோச்சிங் சென்டர் வீடியோ எதுலயும் சைகை கிடையாது.

தனியார்ல கிண்டியில மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம் இருக்கு, பழைய ஆளுங்களுக்கு விஆர்சின்னா தெரியும், அங்க பதிஞ்சு வைங்க, பயிற்சியும் தர்றாங்க. ஓசூர் டைட்டன் ஃபேக்டரியில ரொம்ப வருஷமாவே மாற்றுத்திறனாளிகளை எடுக்குறாங்க. லெமன் ட்ரீ ஹோட்டல்ல, கேஎஃப்சியில காது கேக்காத பசங்க வேலை பாக்குறதை நீங்களே பாத்திருக்கலாம். திருப்பூர்ல கார்மென்ட்ஸ், இன்னும் டிடிபி, டேட்டா என்ட்ரி, சிஎன்சி மிஷின், பேக்கிங்னு நம்ம பிள்ளைங்க போற இடங்கள் இருக்கு. உள்ள போறதை விட உள்ள போன பிறகு நடக்குறதைப் பத்தித்தான் எனக்குக் கவலை.

தம்பிக்கு முதல் வேலை தேடினப்போ ரெஸ்யூம்ல காது கேக்காதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தும் ஹெச்ஆர் எல்லாரும் போன்தான் பண்ணுவாங்க. எடுக்கலைன்னா கேண்டிடேட் ஆர்வம் காட்டலைன்னு தள்ளிடுவாங்க. அப்புறம் போன் நம்பருக்குப் பக்கத்துலயே "கால் பண்ண வேண்டாம், வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும்"னு போட்டோம், அதோட என் நம்பரையும் குடுத்தோம். இதைச் செஞ்சதும் இன்டர்வியூ வர ஆரம்பிச்சது. நீங்களும் இதையே பண்ணுங்க. பேங்க்ல, கூரியர்ல, கேஸ் புக்கிங்ல, எல்லாத்துலயும் "கால் பண்ணுவாங்க, எடுங்க"ங்குற ஒரே வழியை வெச்சிருக்காங்க, படிச்ச, சம்பாதிக்குற ஒரு வாலிபன் தன் பேர்ல வர்ற பார்சலுக்கு அக்கா நம்பரைக் குடுக்க வேண்டியிருக்கு.

அவன் சேந்த ஒரு கம்பெனியில ஃபயர் டிரில் நடந்துச்சு. அலாரம் அடிச்சது, மொத்த ஃப்ளோரும் கீழ இறங்கிடுச்சு, இவன் சிஸ்டத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கான், திரும்பிப் பாத்தா யாருமே இல்லை. டிரில்தான், ஒண்ணும் ஆகலை. ஆனா அன்னைக்கு ராத்திரி அவன் வீடியோ கால்ல அதைச் சொன்னப்போ எனக்குக் கை நடுங்கிடுச்சு. அலாரத்தோட சேந்து எரியுற ஒரு ஃப்ளாஷ் லைட் வெச்சா முடிஞ்சு போற விஷயம், அதைக் கேட்டு மெயில் போட்டான், பதில் வர்றதுக்குள்ள வேற வேலை கிடைச்சுப் போயிட்டான். இப்போ இருக்குற ஆபீஸ்ல டீம் லீடர் பொண்ணு ஒண்ணு, தானா கூகுள் பண்ணி 'குட் மார்னிங்', 'டீ', 'லேட்', 'சூப்பர்' நாலு சைகை கத்துக்கிட்டு வந்துச்சு. அந்த நாலு சைகைக்காகவே அவன் வேற கம்பெனியில கூடுதல் சம்பளம் குடுத்தும் போகலை. மீட்டிங்ல என்ன பேசினாங்கன்னு மட்டும் இன்னும் யாராவது ரெண்டு வரியில சுருக்கித்தான் தர்றாங்க, ஒரு மணி நேரப் பேச்சுக்கு ரெண்டு வரி. புரமோஷன் வராததுக்குக் காரணம் அந்த ரெண்டு வரிதான்னு அவன் சொல்றான், நானும் அதைத்தான் நம்புறேன்.

பெரிய ஆளுங்க கதை இருக்கு, சொல்லாம விடக் கூடாது. மதுரை ஜெர்லின் அனிகா 2022ல பிரேசில்ல நடந்த டெஃப்லிம்பிக்ஸ்ல, அதான் காது கேக்காதவங்களுக்கான ஒலிம்பிக்ஸ்ல, பேட்மின்டன்ல மூணு தங்கம் வாங்கி அர்ஜுனா விருது வாங்கினாங்க. அந்தப் போட்டியில ஆடும்போது ஹியரிங் எய்டைக் கழட்டி வெச்சுட்டுத்தான் இறங்கணும், எல்லாருக்கும் ஒரே அமைதி. கோயம்புத்தூர் ரஞ்சித் 2020 சிவில் சர்வீஸ் தேர்வை தமிழ்லயே எழுதி 750வது ரேங்க் எடுத்தார். 2023 செப்டம்பர்ல சாரா சன்னின்னு காது கேக்காத ஒரு வக்கீல் சைகை மொழிபெயர்ப்பாளரோட வீடியோ வழியா சுப்ரீம் கோர்ட்ல ஆஜரானாங்க. உங்க பிள்ளைகிட்ட இதையெல்லாம் காட்டுங்க, ஆனா "பாரு, அவங்க பண்ணலையா"ன்னு திட்டுறதுக்குக் காட்டாதீங்க. சாராவுக்கு ஒரு இன்டர்பிரட்டர், அதான் சைகை மொழிபெயர்ப்பாளர், கூட இருந்தார்ங்குறதைச் சேத்துக் காட்டுங்க.

வண்டி லைசென்ஸ் கேக்குறாங்க சில பேர். குடுப்பாங்க. சொந்த வண்டி ஓட்ட காது கேக்காதது தடை இல்லைன்னு 2016லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் சொல்லிடுச்சு. ஆர்டிஓ ஆபீஸ்ல திருப்பி அனுப்பினா அந்த உத்தரவைப் பிரின்ட் எடுத்துட்டுப் போங்க. வீட்டுல பயந்தா ரெண்டு பக்கமும் பெரிய கண்ணாடி வெச்சுக் குடுங்க, தம்பி என்னை விட நிதானமாத்தான் ஓட்டுறான்.

பொண்ணுங்க விஷயம்தான் மனசைப் பிசையுது. தம்பி கிளாஸ்ல நல்லா படிச்ச ஒரு பொண்ணு, பிளஸ் டூவோட வீட்டுல நிறுத்திட்டாங்க, "பாதுகாப்பு"ன்னு சொல்லி. கூப்பிட்டா கேக்காது, ஏதாவது ஆனா கத்தவும் முடியாதுன்னு. பேச ஆளே இல்லாத வீட்டுல ஒரு பொண்ணை வெச்சிருந்தா அவளுக்கு ஏதாவது ஆனா அவ யார்கிட்ட போய்ச் சொல்லுவா? வெளிய நாலு ஃப்ரெண்ட்ஸ், சைகை தெரிஞ்ச ஒரு டீச்சர், அவளா அனுப்பத் தெரிஞ்ச ஒரு மெசேஜ், பாதுகாப்புன்னா எனக்குத் தெரிஞ்சு இதுதான். கல்யாணத்துலயும் அப்படியே, பேசத் தெரிஞ்ச மாப்பிள்ளைதான் வேணும், நாளைக்கு பேரப் பிள்ளை அழுதா யாருக்குக் கேக்கும்னு பாக்குறாங்க. தம்பியோட ஸ்கூல் சீனியர் ரெண்டு பேர் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, ரெண்டு பேருக்கும் காது கேக்காது, தொட்டில் கிட்ட குழந்தை அழுதா லைட் எரியுற ஒரு சின்ன மிஷின் வெச்சிருக்காங்க. அந்த வீட்டுல சாப்பாட்டு நேரத்துல யாரும் யார்கிட்டயும் "ஒண்ணுமில்ல"ன்னு சொல்றதில்லை.

அந்தப் பொண்ணை இப்போ வெளிய கொண்டு வர ஒரு வழி கிடைச்சிருக்கு. டெல்லியில 2015ல ஆரம்பிச்ச இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம்னு ஒண்ணு இருக்கு. அங்க காது கேக்காதவங்களுக்காகவே சைகை மொழி ஆசிரியர் டிப்ளமோ இருக்கு, பிளஸ் டூ முடிச்சா போதும். காது கேக்குறவங்களுக்கு இன்டர்பிரட்டர் டிப்ளமோ இருக்கு, அதுக்கும் பிளஸ் டூதான். உங்க வீட்டுல காது கேக்காத பிள்ளைக்கு ஒரு அண்ணனோ தங்கச்சியோ இருந்து, என்ன படிக்கலாம்னு யோசிச்சுக்கிட்டிருந்தா இதைச் சொல்லுங்க. நம்ம நாட்டுல 2011 சென்சஸ்படி காது கேட்கும் குறைபாடு உள்ளவங்க 50 லட்சத்துக்கு மேல, அவங்களுக்கு இருக்குற இன்டர்பிரட்டர்கள் ரொம்பக் கம்மி, அதனால கோர்ட்டு, ஆஸ்பத்திரி, காலேஜ், போலீஸ் ஸ்டேஷன் எல்லா இடத்துலயும் ஆள் தேவை. அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட தம்பி நேர்ல போய்ப் பேசினான், அவன் சைகைக்கு நான் கூட நின்னு குரல் குடுத்தேன். யோசிக்குறேன்னு சொல்லியிருக்கார். ஃபார்ம் நாங்க எடுத்து வெச்சிருக்கோம்.

அப்பா அம்மாங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்குறேன். அந்த டெல்லி மையம் போட்ட சைகை அகராதி வீடியோவா யூடியூப்லயே இருக்கு, 2021லயே பத்தாயிரம் வார்த்தைக்கு வந்துடுச்சு, இலவசம். அதைப் பாத்து மட்டும் பேச வராது, பேசிப் பழகணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தம்பியும் அவன் ஃப்ரெண்ட்ஸும் வீடியோ கால்ல பெத்தவங்களுக்குச் சொல்லித் தர்றாங்க, எங்க அம்மாவும் உக்காருறாங்க, போன வாரம் பெரியப்பா வீட்டு பாகப்பிரிவினையை முழுசா தம்பிக்குச் சொல்லி முடிச்சுட்டாங்க, பாதி சைகை தப்பு, ஆனா அவனுக்குப் புரிஞ்சுது, நடுவுல நிறுத்தி நிறுத்திக் கேள்வி வேற கேட்டான். சேரணும்னு நினைக்குறவங்க சொல்லுங்க, லிங்க் அனுப்புறேன். காசு கிடையாது. கேமரா ஆன்ல இருக்கணும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காராம வெளிச்சம் முகத்துலயும் கையிலயும் படுற மாதிரி உக்காருங்க, கட்டம் போட்ட சட்டை வேண்டாம், கை சரியாத் தெரியாது.